கொர்ருவும் மிதியடிப் பெட்டியும்

கெட்டுப்போன சத்தத்தைச் சரிசெய்ய ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். நன்றாக இருக்கிற சத்தத்தைக் கெடுப்பதற்கென்றே உட்கார்ந்து யோசித்து, பலகை அறுத்து, ஆணி அடித்து, பசை ஒட்டி, அதற்கென்று ஒரு பெட்டியும் செய்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் சிவகாசிக்குப் பக்கத்தில் எங்கள் நாரணாபுரத்தில், எங்கள் தெருவின் மேலக்கோடியில் குடியிருந்தார். ஊரில் அவருக்குப் பெயர் கொர்ரு.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. நல்ல பெயர்தான், முருகனுடைய பெயர்களில் ஒன்று. அதை நான் சொல்வதற்கில்லை. சொன்னாலும் பிரயோசனமில்லை. கொர்ரு என்று கேட்டால்தான் டீக்கடைக்காரர் வீட்டைக் கைகாட்டுவார்.

இப்போது கச்சேரி மேடையில் கிட்டார் வாசிக்கிற பிள்ளைகள், காலடியில் சின்னச் சின்ன டப்பாக்களை வைத்துக்கொண்டு ஒரு மிதி மிதிக்கிறார்கள். உடனே சத்தம் கரகரவென்று மாறுகிறது. டிவியில் காட்டுகிறார்கள். அதை வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததாகச் சொல்கிறார்கள். இருக்கட்டும். நான் பார்த்த முதல் டப்பா, பட்டாசு அடைத்து அனுப்புகிற மரப்பெட்டியில் செய்தது. அதில் மிதிப்பதற்கு வைத்திருந்தது ஒற்றை மரக்கட்டைச் செருப்பு. அதற்குள் நாக்கு மாதிரி ஆடிக்கொண்டிருந்த காகிதம், நான் ஒட்டிக் கொடுத்தது.

கொர்ருவுக்குத் தொழில் கல்யாணத்துக்கும் கோயில் பொங்கலுக்கும் ரேடியோ கட்டுவது. மைக்செட் என்று இப்போது சொல்வதை அப்போது எங்கள் பக்கம் ரேடியோ கட்டுவது என்றுதான் சொல்வோம். ஊமத்தம்பூ மாதிரி வாய் விரிந்த குழாயை வேப்பமரத்தில் கட்டி, இசைத்தட்டைச் சுற்றவிட்டு, பக்கத்து ஊர்க் கழுதையும் விழித்துக்கொள்கிற மாதிரி பாட வைப்பார். கரண்டு வந்த புதிதில் அந்தக் குழாய்க்கு ஊரில் மாப்பிள்ளைக்கு இருந்ததைவிட மரியாதை அதிகம்.

ஆனால் அவர் மனசு பாட்டில் இல்லை. சத்தத்தில் இருந்தது. எந்தச் சத்தத்தை எல்லோரும் வேண்டாம் என்பார்களோ, அதன் பின்னாலேயே போவார். ரோட்டில் மாட்டுவண்டி கிறீச்சென்று போனால் கூடவே நடப்பார். வண்டிக்காரர் அச்சுக்கு மசகு போட இறங்கினால் கையைப் பிடித்துக்கொள்வார்.

“அண்ணாச்சி, மசகு போட்டுறாதீக. இந்தச் சத்தம் போச்சுன்னா திரும்ப வராது.”

“மாடு இளுக்க முடியாம நாக்குத் தள்ளுதுலே!”

“மாட்டுக்கு என்ன அண்ணாச்சி தெரியும் பாட்டைப் பத்தி?”

பலசரக்குக் கடைக்காரர் மிளகாய் வற்றலை அள்ளிப்போட்டுத் தும்மினார் ஒருநாள். சாமான் வாங்க நின்ற கொர்ரு, “அண்ணாச்சி, மூணாவதாப் போட்டீகளே, அதை மட்டும் இன்னொருக்கா போடுங்க” என்று கேட்டார். அன்றிலிருந்து கடைக்காரர் அவரைப் பார்த்தால் முதலில் மூக்கைத்தான் பொத்துவார்.

காது என்றால் அது காது. இரண்டு வீடு தள்ளி அரிசி களைகிற சத்தத்தை வைத்து, “இன்னிக்கி அவுக வீட்டுல விருந்தாளி” என்று சொல்லிவிடுவார். விருந்தாளி பிறகுதான் பஸ்ஸை விட்டு இறங்குவார்.

அந்தக் காதுக்கு நேர் எதிர்க் காது எங்கள் அப்பாவுக்கு. அப்பாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் வெடித்துப் பார்க்கிற வேலை. ஒவ்வொரு லோடு கிளம்புமுன்னும் அதிலிருந்து ஒரு கை வெடியை அள்ளிக்கொண்டு பொட்டலுக்குப் போய்க் கொளுத்தி, சத்தம் சரியா என்று சொல்ல வேண்டும். சத்தம் பார்த்துப் பார்த்தே அவருக்குச் சத்தம் இல்லாமல் போய்விட்டது. கடைசியில் வெடியைக்கூடக் காதால் கேட்கவில்லை, நெஞ்சில் வந்து முட்டுகிற முட்டை வைத்துத்தான் சொன்னார். முதலாளிக்கு இது தெரியாது. தெரிந்தாலும் குற்றம் சொல்ல முடியாது. அப்பா சரி என்று சொன்ன வெடி நமுத்ததே கிடையாது.

ஆனால் வீட்டில் அவரோடு குடித்தனம் நடத்த வேண்டுமே. எங்கள் வீட்டில் ரகசியம் என்று ஒன்று இருந்ததேயில்லை. அம்மா அப்பாவிடம் உப்புத் தீர்ந்துவிட்டது என்று சொன்னால், எதிர்வீட்டுக்காரி உப்போடு வந்து நிற்பாள். அம்மாவுக்கு அதற்கேற்ற தொண்டை வாய்த்திருந்தது. எனக்கு வாய்க்கவில்லை. நான் பேசினால் மடியில் இருக்கிற கோழிக்குஞ்சுகூடத் திரும்பிப் பார்க்காது. கத்திப் பேசலாமென்றால் தெருவே கேட்குமே என்று உடம்பு கூசும். எழுதிக் காட்டலாமென்றால், அஞ்சாப்பு வரைக்கும் போன எனக்கு எழுத வரும், பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத அப்பாவுக்குப் படிக்க வராது. அதனால் சோறு என்றால் கையை வாய்க்குக் கொண்டுபோவேன், தண்ணீர் என்றால் கட்டை விரலைக் காட்டுவேன். அப்பாவுக்கும் எனக்கும் அதுவே போதுமானதாக இருந்தது, வேறு பேச வேண்டியது வருகிற வரைக்கும்.

பர்மாவில் பிழைக்கப் போனவர்கள் கப்பல் கப்பலாகத் திரும்பி வந்துகொண்டிருந்த காலம் அது. கொர்ருவின் சித்தப்பா ஒருவரும் ரங்கூனிலிருந்து வந்தார். தங்கமாகக் கொண்டுவருவார் என்று சொந்தபந்தமெல்லாம் விருதுநகர் ஸ்டேஷனில் போய் நின்றது. அவர் தோளில் ஒரு கிட்டாரோடு இறங்கினார். வேறு ஒன்றும் இல்லை. சொந்தபந்தம் அவரைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்று அழுதுவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டது. கொர்ரு மட்டும் நின்று, கிட்டாரின் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டி, காதை வைத்துக் கேட்டார். சித்தப்பா அப்போதே அதைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டாராம். பாட்டைக் கேட்கிறவனுக்குத் தருவதைவிட வயிற்றைக் கேட்கிறவனுக்குத் தருவது மேல் என்று நினைத்தாரோ என்னவோ.

கற்றுக்கொடுக்க ஊரில் ஆள் இல்லை. இசைத்தட்டைப் போட்டுவிட்டு அதன் பின்னாலேயே கம்பியைத் தடவித் தடவிப் பிடித்துக்கொண்டார். பழைய டெலிபோன் ஒன்றைப் பிரித்து, அதிலிருந்த காந்தத்தைக் கம்பிகளுக்கு அடியில் வைத்துக் கட்டினார். அதிலிருந்து ஒரு வயர் பழைய ரேடியோப் பெட்டிக்குள் போகும். ரேடியோப் பெட்டியின் வாய்க்கு முன்னால் ஒரு மைக். மைக்கிலிருந்து வேப்பமரத்துக் குழாய். கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரர் வெற்றிலை போடுகிற நேரத்தில் இவர் கிட்டாரைத் தூக்கிக்கொள்வார். சுமாராகத்தான் இருக்கும். யாரும் எழுந்து போகவுமில்லை, உட்கார்ந்து கேட்கவுமில்லை.

அப்படியிருக்கையில் ஒருநாள் எலி வந்து, ரேடியோப் பெட்டிக்குள் இருந்த ஸ்பீக்கரின் காகிதப் புனலைக் கடித்துவிட்டது. எங்கள் ஊரில் காகிதத்துக்கும் பசைக்கும் ஒரு வீட்டுக்குத்தான் போவார்கள் என்றில்லை, எல்லா வீட்டிலும் அதுதான் இருக்கும். நான் வீட்டில் உட்கார்ந்து கம்பெனிக்கு வெடிக்குழாய் சுற்றுவேன். வெறும் காகிதக் குழாய்தான், மருந்து அடைப்பது கம்பெனியில். மேலக்கோடியிலிருந்து அத்தனை வீட்டையும் தாண்டி அவர் எங்கள் வாசலில்தான் வந்து நின்றார்.

“பிள்ளே, கொஞ்சம் பசை வேணும்.”

நான் தலையை ஆட்டினேன்.

“காயிதமும் வேணும்.”

ஆட்டினேன்.

“இம்புட்டுப் பேசுறியே, தொண்டை வலிக்கலையா?”

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. “யாருலே அது, கொமரிப் பிள்ளைகிட்ட வம்பு பேசுறது?”

“நாந்தான் அத்தை. எலி கடிச்சிருச்சு.”

“ஐயையோ, எங்கனலே?”

“ரேடியோவுல அத்தை.”

“சீ, போலே அங்கிட்டு!”

நான் பசையும் காகிதமும் கொடுத்தேன். அங்கேதான் தப்பு நடந்தது. வெடிக்குழாய்க்குக் காய்ச்சுகிற பசை எலியும் பூச்சியும் அண்டாமல் இருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுவது. காய்ந்தால் காகிதம் மரக்கட்டை மாதிரி ஆகிவிடும். குழாய் அப்படி இறுகினால்தான் வெடி சத்தமாக வெடிக்கும். ஸ்பீக்கர் காகிதமோ மெத்தென்று இருக்க வேண்டுமாம். வேறு ஊர்க்காரராக இருந்தால் வேறு ஏதாவது கோந்தைத் தேடிப் போயிருப்பார். எங்கள் ஊர்க்காரருக்குப் பசை என்றால் ஒரே பசைதான். ஒட்டினார். போதாததற்கு, ஒட்டிய துண்டின் ஒரு முனை நிமிர்ந்துகொண்டு நின்றது.

கிட்டாரைத் தொட்டதும் அது “கொர்ர்ர்ர்” என்றது.

கம்பி ஒவ்வொன்றும் சரவெடி மாதிரி பொரிந்தது. கொர்ரு துள்ளிக் குதித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு ஓடிவந்தார். “பிள்ளே, கேட்டியா? கிட்டாருக்குத் தொண்டை கட்டிருச்சு! என்னா அருமையா இருக்கு!” அவர் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். கட்டிய தொண்டையைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த முகூர்த்தத்திலேயே அதைக் கொண்டுபோய்க் கல்யாண வீட்டில் வைத்துவிட்டார்.

வேறு ஊராக இருந்தால் காதைப் பொத்தியிருப்பார்கள், அல்லது கல் எறிந்திருப்பார்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பொறுபொறுவென்று ஒரு சத்தம் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எங்கேயோ வெடிமருந்து தீப்பிடித்துவிட்டது. கொர்ரு முதல் கம்பியை இழுத்தார். பந்தலில் இருந்த கூட்டம் மொத்தமும் எழுந்து ஓடியது. ஐயர் தேங்காயோடு ஓடினார். நாதஸ்வரக்காரர் தவில்காரரைத் தாண்டிக்கொண்டு ஓடினார். மாப்பிள்ளை பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுவரேறிக் குதித்துவிட்டார். பெண் மட்டும் மணவறையில் தனியாக உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கொர்ரு கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தவர், திறந்து பார்த்தால் பந்தலில் ஆள் இல்லை.

மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்து தாலி கட்ட வைப்பதற்குள் நல்ல நேரம் போய்விட்டது. பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். “இனிமே அந்தக் கொர்ரு சத்தம் கேட்டுச்சு, குளாயோட சேத்து உன்னையும் வேப்பமரத்துல கட்டிருவோம்” என்று முடிவாயிற்று. பெயர் அன்றைக்கு வந்ததுதான்.

“சத்தம் வந்ததும் நிறுத்தித் தொலைக்க வேண்டியதுதானலே?” என்று ஒருவர் கேட்டாராம்.

“ரெண்டு கையும் கிட்டார்ல இருந்துச்சு மாமா. எதை வச்சு நிறுத்துறது?”

சொல்லிவிட்டுக் குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். திட்டியவர்கள், பயல் வெட்கப்படுகிறான் என்று நினைத்து அவரை விட்டுவிட்டார்கள். அவருக்கு வெட்கம் ஒன்றுமில்லை. கை இரண்டும் போனால் மிச்சம் இருக்கிறது கால் என்று அப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்.

கம்பெனியில் கழித்துப் போட்ட மரப்பெட்டி ஒன்றை எடுத்துவந்தார். ரேடியோவுக்குள் இருந்த சின்ன ஸ்பீக்கருக்கு நல்ல காகிதமாகப் போட்டு, அதை மல்லாக்கப் பெட்டிக்குள் வைத்தார். பக்கத்தில் மைக். அவருடைய அப்பா போட்டிருந்த மரக்கட்டைச் செருப்பு ஜோடியில் ஒன்றை நாய் தூக்கிக்கொண்டு போனது போக ஒன்று கிடந்தது. அந்த மிதியடியை ஜன்னல் கீல் வைத்துப் பெட்டிக்கு மேலே பொருத்தினார். மிதியடியை மிதித்தால் உள்ளே ஒரு நாக்கு இறங்கி ஸ்பீக்கரைத் தொடும், சத்தம் கொர்ரென்று பொரியும். காலை எடுத்தால் நாக்கு ஏறிக்கொள்ளும், சத்தம் பால்மாதிரி வரும். “தம்புராக்காரரு கம்பிக்கு அடியில நூலு வைக்காரு, அதை யாரும் வையுறாகளா? நான் காயிதம் வச்சா மட்டும் வையுறாக” என்று அங்கலாய்ப்பார்.

நாக்குத்தான் சிக்கலாக இருந்தது. பனையோலை வைத்தார், தவளை கத்தியது. பிளேடு வைத்தார், பல் கூசியது. சினிமாக் கொட்டகையிலிருந்து பிலிம் துண்டு வாங்கிவந்து வைத்தார், கொசு பாடியது. கடைசியில் மறுபடியும் எங்கள் வாசல்.

“பிள்ளே, நாக்கு வேணும்.”

அம்மா உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தவள் சொன்னாள்: “அவளுக்கே நாக்கு இருக்கான்னு தெரியலை. உனக்கு எங்கனலே குடுப்பா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அவர் பார்த்துவிட்டார். ஒட்டிக் கொடுத்தேன். இரண்டு மடிப்பு வைத்தால் சீறியது, கனமாக வைத்தால் ஊமையாகிவிட்டது. தேய்ந்தது என்று வருவார், கிழிந்தது என்று வருவார், ஒன்றுமே ஆகாமலும் வருவார். ஒருநாள் நானாகவே நுனியில் மட்டும் கூடுதலாக ஒரு சுற்றுப் பசை தடவி, வெயிலில் போடாமல் நிழலில் காயவைத்துக் கொடுத்தேன். எங்கள் வாசலிலேயே பெட்டியை வைத்து மிதித்துப் பார்த்தார். கொர்ரும் இருந்தது, அதற்குள்ளே பாட்டும் இருந்தது.

“இதை யாரு உனக்குச் சொன்னா?” என்று கேட்டார்.

நேற்று நீங்கள் வாசித்ததைக் கேட்டேன், அதில் பாட்டு இல்லாமல் இருந்தது என்று சொல்ல ஆசை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் “சரி. நாக்குக் குடுத்துட்டே, பேச்சை நாளைக்கி வாங்கிக்கிறேன்” என்று போனார்.

அன்றைக்குத்தான் அப்பா வேலை முடிந்து தெருவில் வந்துகொண்டிருந்தார். மேலக்கோடியில் கொர்ரு மிதியடியை மிதித்து வாசிக்கிறார். அப்பா நடுத்தெருவில் நின்றுவிட்டார். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

“ஏலே, யாருலே அது பாடுறது? நல்லாக் கேக்குதே!”

தெருவே வெளியே வந்து பார்த்தது. ஊர்ப் பாட்டெல்லாம் நின்றுபோன அப்பாவின் காதில் கொர்ருவின் கொர்ர் மட்டும் ஏறியிருக்கிறது. நேராகப் போய்ப் பெட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முழுப் பாட்டையும் கேட்டார். கேட்டுவிட்டு, லோடு சோதித்த கையோடு சொல்வதைப்போல, “மருந்து சரியா இருக்கு. திரி கொஞ்சம் நீளம்” என்றார். பாட்டு இழுவையாக இருக்கிறது என்று அர்த்தம்.

அந்த வாரமே தாயில்பட்டியிலிருந்து எனக்கு மாப்பிள்ளை வந்தது. நல்ல குடும்பம். பையன் கம்பெனியில் கணக்கு எழுதினான். பார்க்க லட்சணமாக, பேச மரியாதையாக இருந்தான். குறை ஒன்றும் சொல்ல முடியாது. அவன் கொர்ரு இல்லை, அவ்வளவுதான். அதை நான் யாரிடம் சொல்வது? அம்மாவுக்கு மாப்பிள்ளை வீட்டு ஓட்டு வீட்டைப் பார்த்ததிலிருந்து கால் தரையில் பாவவில்லை.

அப்பா மட்டும் ஒரே பிடியாக நின்றார். “என் மக வாயால சொல்லணும். அவ வேணும்னா வேணும், வேணாம்னா வேணாம். பெறகு ஒருத்தரும் பேசக்கூடாது.” என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டார். “தாயில்பட்டி மாப்பிள்ளை வேணுமாம்மா?”

ஆயுசில் முதல்தடவையாகத் துணிந்து, தலையைக் குனிந்துகொண்டு, “வேணாம்” என்றேன்.

“வேணுமாம்!” என்று அப்பா எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார்.

வேணாம், வேணும். நடுவில் ஒரே ஒரு எழுத்து. ணா என்றால் வாய் திறக்கும், ணு என்றால் குவியும். நிமிர்ந்து சொல்லியிருந்தால் வாயைப் பார்த்தாவது தெரிந்துகொண்டிருப்பார். நான் சொன்னது தரைக்கு. அம்மாவிடம் ஓடி, “நான் வேணாம்னுதானே சொன்னேன்” என்றேன். “எனக்கென்னமோ வேணும்னுதான் கேட்டுச்சு” என்றாள் அம்மா. அம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

பரிசம் போட நாள் குறித்தார்கள். அப்பா தானே மேலக்கோடிக்குப் போய்க் கொர்ருவிடம் ரேடியோ கட்டச் சொன்னார். “உன் பாட்டுத்தான் எனக்குக் கேக்குது, நீதான் வரணும்” என்று சொன்னாராம். கொர்ரு வந்து கட்டினார். எப்போதும் குழாயைக் கட்டியதும் “அலோ, அலோ” என்று மைக்கில் ஊரையே விசாரிப்பார். அன்று ஒரு அலோகூடச் சொல்லவில்லை.

காலையிலேயே தாயில்பட்டிக்காரர்கள் வந்து பந்தலில் உட்கார்ந்துவிட்டார்கள். தாம்பாளத்தில் சேலையும் பூவும் வெற்றிலைபாக்கும். கைமாறிவிட்டால் முடிந்தது, பிறகு நான் என்ன சொன்னாலும் இரண்டு ஊருக்கும் பகைதான். அப்பாவுக்குச் சந்தோஷத்தில் இன்னொரு ஆசை வந்தது. “சபையில ஒருக்கா சொல்லிரும்மா. எல்லாரும் கேக்கட்டும்.”

என்னைக் கொண்டுவந்து நடுவில் உட்காரவைத்தார்கள். அத்தனை கண்ணும் என்மேல். “வேணாம்” என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

“வேணுமாம், வேணுமாம்!” என்றார் அப்பா. சபை சிரித்தது. அம்மா அவசரமாகத் தாம்பாளத்துக்குக் கையை நீட்டினாள்.

“அத்தை, ஒரு நிமிசம்.”

கொர்ரு எழுந்து நின்றுகொண்டிருந்தார். அரிசி களைகிற சத்தம் கேட்கிற காது. அந்தப் பந்தலில் நான் சொன்னது கேட்டது அவர் ஒருவருக்குத்தான்.

“என்னலே?” என்று அம்மா முறைத்தாள்.

“மைக்கு சரியில்லை அத்தை” என்றார். கிட்டாரின் வயரைப் பிடுங்கிவிட்டு, பாடுகிறவர்களுக்கு வைத்திருந்த மைக்கின் வயரை அந்த இடத்தில் சொருகினார். மிதியடிப் பெட்டியைத் தூக்கிவந்து என் காலடியில் வைத்தார். மைக்கை என் முகத்துக்கு நேரே வைத்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: “நான் சொன்னா, அவனுக்கு ஆசை, அதான் சொல்றான்ம்பாக. நீயே சொல்லு பிள்ளே. என்னமும் சொல்லு. ஆனா மிதிச்சுக்கிட்டுச் சொல்லு.”

சொல்லிவிட்டுத் தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

நான் வலது காலை எடுத்து மிதியடியின் மேல் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன்.

“வேணாம்.”

வேப்பமரம் அதிர்ந்தது. “வேர்ர்ர்ணாஆஆர்ர்ம்ம்ம்” என்று என் குரல் சரம் சரமாகப் பொரிந்துகொண்டு நாரணாபுரத்தைத் தாண்டிப் போனது.

தாயில்பட்டியும் வெடி ஊர்தான். மாப்பிள்ளை வீட்டார் ஒரு நொடி ஒருவரையொருவர் பார்த்தார்கள். அடுத்த நொடி பந்தலில் செருப்புகள் மட்டும் இருந்தன. மாப்பிள்ளை அருமையாக ஓடினான், அதைச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் தெரு ஆட்கள் கொர்ருவின் சத்தம் தெரிந்தவர்களாக இருந்தும், பழக்கதோஷத்தில் பாதித் தூரம் ஓடிவிட்டு நின்றார்கள். அம்மா தாம்பாளத்தோடு ஓடினாள். “வெடி இல்லைய்யா, சவுண்டு! வெறும் சவுண்டு! திரும்பி வாங்க!” என்று கத்திக்கொண்டு மாப்பிள்ளை வீட்டாருக்குப் பின்னால் ஓடியது யார் என்று நினைக்கிறீர்கள்? கொர்ருதான். என்னைக் கட்டிக்கொள்ள வந்தவனை அவரே துரத்திக்கொண்டு போய்க் கூப்பிடுகிறார்.

பந்தலில் நானும் அப்பாவும்தான். அப்பா உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டிருந்தார். அவருடைய கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒருதரம்தான்.

“உன் கொரலு இம்புட்டுப் பெருசாம்மா?” என்றார்.

நான் மைக்கைக் கைகாட்டினேன்.

“அன்னிக்கும் வேணாம்னுதான் சொன்னியா?”

தலையாட்டினேன்.

“அப்ப உனக்கு யாரும்மா வேணும்?”

என் கால் மிதியடியிலிருந்து நழுவியிருந்தது. மைக்கிலிருந்து முகத்தையும் திருப்பிக்கொண்டேன். மெல்லச் சொன்னேன். அப்பாவுக்கு அது கேட்டிருக்க வழியில்லை. ஆனால் சொல்லும்போது என் கண் போன பக்கம் அவரும் திரும்பிப் பார்த்தார். தெருக்கோடியில், கையை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு ஓடிக்கொண்டிருந்தார் கொர்ரு.

அப்பா சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. “போங்கலே, போயி அவனைப் பிடிங்க. விட்டா தாயில்பட்டிக்கே ஓடிருவான்!”

தாயில்பட்டிக்காரர்களைச் சமாதானப்படுத்த அப்பாவே போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார். அம்மா சித்திரைப் பொங்கல் வரைக்கும் என்னோடு பேசவில்லை, அப்பாவிடம் கத்துகிற சாக்கில் என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் கல்யாணத்துக்கு அந்தக் கணக்குப்பிள்ளை மாப்பிள்ளையும் வந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, பெட்டியை ஒருதரம் மிதித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டான். மிதித்துவிட்டு அவனே கொஞ்சம் பின்வாங்கினான். பிறகு விருதுநகர் பங்குனிப் பொங்கலில் கொர்ரு வாசித்ததைக் கேட்ட மதுரைக்காரர் ஒருவர், பெட்டியைத் திறந்து பார்த்து அதேபோல ஒன்று செய்துகொண்டு போனார். அது தவளை மாதிரி கத்துகிறது என்று ஆள் அனுப்பினார். அவர் நாக்குக்குப் பனையோலை வைத்திருந்தார்.

கல்யாணமான நாளிலிருந்து இவர் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான். “அன்னிக்கி நான் ஓடிக்கிட்டு இருந்தப்ப உங்கப்பாகிட்ட மெல்லமா என்னமோ சொன்னியே, என்னது?” ஊர்ச் சத்தத்தையெல்லாம் கேட்ட காது அந்த ஒன்றைத் தவறவிட்டதில் அவருக்குத் தாளாத வருத்தம். சாப்பிடும்போது கேட்பார், பஸ்ஸில் கேட்பார், பிள்ளை பிறந்து படுத்திருந்தபோதும் கேட்டார். நான் “ஒண்ணுமில்லை” என்பேன். சொல்லக்கூடாது என்றில்லை. வாய் வராது.

இப்போது அவருக்கும் காது முழுசாக மந்தம். குழாய்க்குப் பக்கத்திலேயே வாழ்ந்தவர், வேறு என்ன ஆகும். எதிரே உட்கார்ந்து இன்னமும் அதையே கேட்கிறார். சொல்ல வேண்டுமானால் கத்த வேண்டும். கத்தினால் தெருவுக்கே கேட்கும், எனக்கு இந்த வயதிலும் அது ஆகாது. ஆனால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான் இதை எழுதி அனுப்புகிற இந்தப் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து விளம்பரம் விடாமல் வாய்க்குள் முணுமுணுத்துப் படிக்கிறவர் அவர். இந்தப் பக்கத்துக்கும் வருவார்.

வந்துட்டீகளா? அன்னிக்கி நான் சொன்னது, “இவுகதான் வேணும்.”